பன்னிரண்டு விடைத்தாள்களிலும் நின்றுபோன ஒரே கடிகாரம்

அனுப்புநர்
மாலை நேர ஆங்கில வகுப்பு ஆசிரியை,
மாடியறை, பழைய கட்டடம்,
பிரசவ வார்டுக்குப் பின்புறம்,
பொது மருத்துவமனை.

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
மருத்துவப் பணியாளர் மொழித் தேர்வுப் பிரிவு,
தலைமை அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: வார்டு உதவியாளர்கள் பன்னிரண்டு பேர் ஆங்கிலத் தேர்வில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகத் தேர்வு ரத்து செய்யப்பட்டது – அவர்கள் பார்த்து எழுதியது ஓர் அறையை – அந்த அறை தற்போது இல்லை – மறுதேர்வு வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பிரிவின் ரத்து ஆணை. 2. கூரை ஒழுகுவது குறித்துக் கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு நான் அனுப்பிய மனு.

மதிப்புக்குரிய ஐயா,

1. அரசு அலுவலகங்களுக்கு நான் இதுவரை எழுதிய மனுக்கள் எல்லாம் ஒழுகுகிற கூரையைப் பற்றியவை. எதற்கும் பதில் வந்ததில்லை. கடைசியாக எழுதிய ஒன்றுக்கு மட்டும் பலன் கிடைத்தது. அந்தப் பலனால்தான் இந்த மனுவை எழுதும் நிலை வந்தது. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். நான் முன்பு தட்டச்சுப் பயிலகம் நடத்தியவள். ஊராருடைய மனுக்களைத் தட்டிக் கொடுத்தே விரல் தேய்ந்தவள். ஆகவே மனு சற்று நீளும். தாங்கள் வேலைப் பளுவுக்கு இடையில் இதைக் கடைசி வரை படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பாதியில் வைத்துவிட்டால் நாங்கள் குற்றவாளிகளாகவே தெரிவோம்.

2. எங்கள் மருத்துவமனையில் வார்டு உதவியாளர்கள் செய்யும் வேலை தங்களுக்குத் தெரிந்ததே. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது, நர்ஸ் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது. இவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். சென்ற ஆண்டு முதல் இவர்களும் தங்கள் ஷிப்ட் முடியும்போது நடந்ததை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிவைக்க வேண்டும் என்று விதி வந்தது. அதற்கென ஒரு தேர்வும் வந்தது. தேர்ச்சிச் சான்றிதழ் காட்டுகிறவர்களுக்கு மட்டுமே இம்மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். விதியை நான் குறை சொல்லவில்லை. இரவில் நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தால், காலையில் வரும் டாக்டருக்கு அது எழுத்தில் தெரிய வேண்டும்தான். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பிள்ளை பெற்று வளர்த்து, பேரன் பேத்தி எடுத்தவர்களை ஒரே வருஷத்தில் ஆங்கிலம் எழுதச் சொன்னது, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது. அவர்களில் பன்னிரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். மருத்துவமனை நிர்வாகம் பழைய கட்டடத்தின் மாடியில் ஓர் அறையைத் திறந்துவிட்டது.

3. நான் எப்படிப் பாடம் நடத்தினேன் என்பதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. ஆகவே அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

வார்டில் எழுதப்படும் ஆங்கிலத்தை நான் முதலில் போய்ப் பார்த்தேன். அதில் முக்கால்வாசி ஒரே வகை. தரையில் காணப்பட்ட நோயாளி, காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட குழந்தை, ரத்தத்தில் நனைந்த கட்டு, சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கப்பட்ட மாத்திரை. ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம் ஒன்று, அதன் பின்னால் 'வித்', 'பை', 'இன்', 'ஃப்ரம்' என்று ஒரு குட்டிச் சொல், அதற்குப் பின்னால் ஒரு பொருள் அல்லது இடம். இவ்வளவுதான். இது கைவந்தால் வார்டுக் குறிப்பு எழுதிவிடலாம்.

சிக்கல் இரண்டு இடத்தில் வந்தது. தமிழில் நடந்த கதையெல்லாம் முன்னால் வந்து, ஆள் கடைசியில் வருவார். 'மழைநீரால் கறைபட்ட' என்று சொல்லி முடித்த பிறகுதான் 'சுவர்' வரும். ஆங்கிலத்தில் சுவர் முதலில் வந்து நின்றுகொள்ளும். அதற்கு என்ன ஆயிற்று, எதனால் ஆயிற்று என்பது பின்னால் வரும். இவர்கள் எல்லாவற்றையும் தலைகீழாக எழுதினார்கள். இரண்டாவது, அந்தக் குட்டிச் சொற்கள். எந்த வினைக்கு எது என்பதற்கு உருப்படியான விதி கிடையாது. விதி உண்டு என்று சொல்கிற புத்தகங்கள் அடுத்த பக்கத்திலேயே விதிவிலக்குப் பட்டியல் போடுகின்றன. பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னேன். பகல் முழுக்க நோயாளிகளைத் தூக்கி இறக்கிவிட்டு வந்தவர்கள், நான்காவது வரியில் தூங்கிப் போனார்கள்.

4. அப்போது எனக்கு வந்த யோசனைதான் இவ்வளவுக்கும் காரணம். புத்தகத்தை மூடிவிட்டு அறையைக் காட்டினேன். அது பழுதான அறை. பழுதான அறையில் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஆகியிருக்கும் அல்லவா? அதனால் அது எனக்குப் பொக்கிஷமாக அமைந்தது. மேற்குச் சுவர் மழைநீரால் கறைபட்டது: வால் ஸ்டெயின்ட் வித் ரெய்ன்வாட்டர். சன்னல் கண்ணாடி காற்றால் உடைந்தது: ப்ரோக்கன் பை விண்ட். நாற்காலி கம்பியால் கட்டப்பட்டது: டைடு வித் வயர். மேசை கேன்டீனிலிருந்து இரவல் வாங்கியது: பாரோட் ஃப்ரம். வாளி ஒழுகலுக்குக் கீழே வைக்கப்பட்டது: கெப்ட் அண்டர். கதவு பச்சையில் அடிக்கப்பட்டது. கடிகாரம் நான்கு இருபதில் நின்றுபோனது: க்ளாக் ஸ்டாப்ட் அட் ஃபோர் ட்வென்ட்டி.

நான் குச்சியால் காட்டுவேன்; அவர்கள் சொல்வார்கள். ஆள் முதலில், கதை பின்னால். குட்டிச் சொல்லை மறந்தால் திரும்பிச் சுவரைப் பார்ப்பார்கள். சுவரைப் பார்த்ததும் 'வித்' வாயில் வந்துவிடும். சன்னலைப் பார்த்தால் 'பை' வந்துவிடும். இப்படி ஒரு வருஷம். எலும்பு வார்டில் வேலை பார்ப்பதால் 'மாவுக்கட்டு' என்று எல்லோரும் கூப்பிடும் பெண், வீட்டில் சமைக்கும்போது கண்ணை மூடி இந்த அறையைச் சுற்றி வருவதாகச் சொன்னாள். "குழம்பு கொதிக்கிறதுக்குள்ள வாசல்லேர்ந்து ஆரம்பிச்சு வாளி வரைக்கும் வந்துடுவேன் டீச்சர்." எனக்குப் பெருமை தாங்கவில்லை.

5. தேர்வில் அதிக மதிப்பெண்ணுக்கு வந்த கேள்வி தங்களுக்குத் தெரியும். 'உங்களுக்கு நன்கு தெரிந்த ஓர் அறையைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.' வெளியே வந்தவர்கள் ஆளுக்கு ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நம்ம ரூம் வந்துடுச்சு டீச்சர்!" நானும் சிரித்தேன். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் வரப்போவது தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு பேரும் அந்த ஓர் அறையை, வாசலில் தொடங்கி வாளியில் முடித்து, அதே வரிசையில், அதே சொற்களில் எழுதியிருந்தார்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்து போய்க் கொடுத்ததால் எண்கள் அடுத்தடுத்து விழுந்து, எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தும் இருந்தார்கள்.

6. விடைத்தாள் திருத்தியவர் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். முடிவு நிறுத்தி வைக்கப்பட்டு, விசாரணைக்கு வரும்படி கடிதம் வந்தது. நாங்கள் பதின்மூன்று பேரும் தங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடி வராந்தாவில் காலை முதல் காத்திருந்தோம். உட்கார ஒரே ஒரு பெஞ்சு. நான் வயதில் மூத்தவள் என்று என்னை உட்காரச் சொன்னார்கள். வார்டில் நின்று நின்று நரம்பு சுருண்ட கால்கள் அவர்களுடையவை. நான் உட்காரவில்லை. அவர்களும் உட்காரவில்லை. அந்தப் பெஞ்சில் யாரோ ஒரு குடையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதுதான் அன்று வசதியாக இருந்தது.

7. விசாரணை அலுவலர் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஒவ்வொருவராக அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார். "பன்னெண்டு பேர் வீட்டுலயும் கடிகாரம் நாலு இருபதுக்குத்தான் நின்னுச்சாம்மா?" பயத்தில் முதலாமவர், "எங்க வீட்டுல கடிகாரமே இல்லைங்க சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அது 'இல்லாததை எழுதியதாக ஒப்புக்கொண்டார்' என்று பதிவாயிற்று. அடுத்து வந்தவர்கள் வகுப்பறை என்று சொன்னார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடவா சொந்த வீட்டை எழுதாமல் இருப்பார் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு, இரவு ஷிப்ட் பார்ப்பதால் எல்லோரும் நைட்டக்கா என்று கூப்பிடும் மாணவி சொன்ன பதில் பதிவாகவில்லை. ஆகவே இங்கே தருகிறேன். "எங்க வீட்டுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க சார்."

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை, ஐயா. அவர் வீட்டில் எந்தப் பொருளையும் யாரும் ஆங்கிலத்தில் கூப்பிட்டதில்லை. ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த அறை உலகத்திலேயே அது ஒன்றுதான்.

8. நைட்டக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் இரவு ஷிப்ட் கேட்டு வாங்கினார். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் இரவு அவரோடு ஒட்டிக்கொண்டது. கணவர் இல்லை. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு இப்போது அவருடைய வீட்டில்தான் இருக்கிறாள். வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல் இந்தத் தேர்வை எழுத முடியாது என்பது தங்கள் விதி. அவருக்கு ஐம்பது நெருங்குகிறது. மற்ற பதினொரு பேருக்கும் இது ஒரு பெரிய அடி என்றால், அவருக்கு இதுவே கடைசி வாய்ப்பு. வகுப்பில் பின்வரிசையில் சன்னலோரம் உட்காருவார். இரவு வேலைக்குப் போகும் முன் வருவதால் சீருடையோடுதான் வருவார். எல்லோரும் ஒன்றாகச் சொல்லும்போது இவர் குரல் மட்டும் அரை நொடி பிந்தி வரும். சரியாக யோசித்துச் சொல்வதால் வரும் தாமதம் அது.

9. நாங்கள் ஒரே ஒரு கோரிக்கை வைத்தோம்: அறையை வந்து பாருங்கள். விசாரணை அலுவலர் சற்று யோசித்து, மறுநாளே ஆய்வாளர் ஒருவரை அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது. படியிறங்கும்போதே மாவுக்கட்டு, ஆய்வாளர் வந்தால் யார் எதைக் காட்டுவது என்று ஆளுக்கு ஒரு பொருளைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். வாளி யாருக்கு என்று சின்னச் சண்டைகூட வந்தது.

10. இனி நடந்ததை எப்படி எழுதினாலும் தாங்கள் நம்பப் போவதில்லை. நடந்தது இதுதான். நாங்கள் தங்கள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்த அதே பகலில், கட்டடப் பராமரிப்புப் பிரிவின் ஆட்கள் எங்கள் அறைக்கு வந்திருக்கிறார்கள். பார்வை இரண்டில் கண்ட என் மனுவுக்கு அனுமதி கிடைத்திருந்ததாம். கூரை ஒட்டப்பட்டது. சுவர்களுக்கு வெள்ளை அடிக்கப்பட்டது. சன்னலுக்குப் புதுக் கண்ணாடி. பச்சைக் கதவு சாம்பல் நிறமாயிற்று. கம்பி கட்டிய நாற்காலி பழைய சாமான் வண்டியில் ஏறிவிட்டது. மேசையைக் கேன்டீன்காரர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போனார். யாரோ ஒரு புண்ணியவான் போகிற போக்கில் கடிகாரத்துக்கும் பேட்டரி போட்டுவிட்டார்.

மாலையில் நாங்கள் கதவைத் திறந்தபோது பெயின்ட் வாசனை மூக்கில் அடித்தது. மாவுக்கட்டு முதலில் கை தட்டினாள். "டீச்சர், நம்ம ரூமாட்டமே இல்லை!" என்று சந்தோஷமாகச் சொன்னவள், சொல்லி முடித்ததும் கையைக் கீழே போட்டாள். கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. அது சரியான நேரம் காட்டியது.

பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர் அப்போதும் அங்கேதான் இருந்தார். நல்ல மனிதர். "இத்தனை மாசமா கேட்டீங்களே டீச்சர், செஞ்சு குடுத்துட்டோம் பாருங்க. இப்ப சந்தோஷம்தானே?" என்றார். நான் நன்றி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

11. மறுநாள் ஆய்வாளர் வந்தார். 'குறிப்பிடப்பட்ட சுவர்க்கறை, உடைந்த சன்னல், நின்ற கடிகாரம், கம்பி கட்டிய நாற்காலி ஆகிய எதுவும் காணப்படவில்லை. அறை நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி, என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நேற்றுதான் வெள்ளை அடித்தார்கள் என்று சொன்னேன். ஈரம் காயவில்லை, தொட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். அவரும் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியதைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "நேத்து அடிச்சது தெரியுதும்மா. அதுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு நான் எப்படி எழுத முடியும்?" என்றார். அதுவும் நியாயம்தான். இந்த விவகாரத்தில் எல்லோரும் நியாயமாகவே பேசுகிறார்கள் என்பதுதான் என் கஷ்டம். அவர் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

12. அந்த அறிக்கையின் பேரில் தங்கள் ரத்து ஆணை வந்தது. அதன் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. செய்த முயற்சிகளைச் சுருக்கமாகத் தெரிவிக்கிறேன்.

பெயின்டரைத் தேடிப் போனேன். மேற்குச் சுவரில் கறை இருந்ததை அவர் ஒப்புக்கொண்டார். எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டதும், கறை மேல் நேராக வெள்ளை அடித்தது மேலதிகாரிக்குத் தெரிந்தால் வம்பு என்று நழுவிவிட்டார். சுரண்டிப் பார்க்கலாமா என்றேன். "ரெண்டு கோட்டு அடிச்சாச்சும்மா. சுரண்டினா சுவர்தான் வரும்."

மாணவிகளின் செல்போன்களில் தேடினோம். வகுப்பில் எடுத்த படம் ஒன்றே ஒன்று இருந்தது. பன்னிரண்டு பேரும் தோளோடு தோள் நின்று சிரித்துக்கொண்டு, சுவரை முழுவதுமாக மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் மாவுக்கட்டின் தலை இருக்கிறது.

பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டும் என்பது கட்டடப் பிரிவின் விதி என்று கேள்விப்பட்டு ஓடினேன். மேற்பார்வையாளர் தயங்கினார். கேட்டுக் கேட்டு நின்றதில் உண்மையைச் சொன்னார். அந்தக் கட்டடத்தின் எல்லா அறைகளுக்கும் 'முன்' என்று ஒரே படத்தைத்தான் ஒட்டியிருக்கிறார்களாம். அது கீழ்த்தளக் கழிப்பறையின் படம். "எல்லாம் ஒரே மாதிரிதானே டீச்சர் இருந்துச்சு, யார் பாக்கப் போறா?" அவர்மேல் நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

என்னுடைய பழைய மனுவின் நகலைத் தங்கள் பிரிவில் கொடுத்தேன். அதில் கூரை ஒழுகலும் சுவர்க்கறையும் இருக்கின்றன, கடிகாரம் இல்லையே என்று கேட்டார்கள். உண்மை. கடிகாரத்தைப் பற்றி நான் புகார் செய்யவில்லை. எனக்கு அது நின்றுபோனதாகவே இருக்க வேண்டியிருந்தது.

13. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுதேர்வு வைத்தால் பன்னிரண்டு பேரும் தேறிவிடுவார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இப்போது வகுப்பில் குட்டிச் சொல் மறந்தால், பழக்கதோஷத்தில் சுவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். சுவர் வெள்ளையாக இருக்கிறது. தெரிந்த சொல்கூட வருவதில்லை. அதனால் ஒருநாள் அவர்களைக் கீழே அழைத்துப் போய், மருந்து வாங்கும் வரிசையைக் காட்டிச் சொல்லச் சொன்னேன். சிலர் திக்கினார்கள். இருவர் அழுதார்கள். நைட்டக்கா மட்டும் நிதானமாக, கம்பியால் அடைக்கப்பட்ட சன்னல், சீட்டுகளால் நிரம்பிய கூடை, தோளில் சாய்க்கப்பட்ட குழந்தை என்று ஒன்பது சொன்னார். இரண்டில்தான் குட்டிச் சொல் பிசகியது. ஆக, அறையைத் தாண்டியும் அவருக்கு வருகிறது, ஐயா. மற்றவர்களுக்கும் வரும். கொஞ்சம் காலம் வேண்டும். அதைத்தான் தங்கள் ஆணை எடுத்துக்கொண்டுவிட்டது.

14. ஆகவே தங்களிடம் கேட்பது:

அ) இந்தப் பன்னிரண்டு பேருக்கும் மறுதேர்வு வைக்க வேண்டும். அவர்களைத் தனித்தனியாக, அவர்கள் இதுவரை பார்த்திராத ஓர் அறையில் உட்கார வைக்கலாம். தங்கள் சொந்த அலுவலக அறையே ஆனாலும் சரி. எதிரில் தாங்களே உட்கார்ந்திருக்கலாம். கண்ணில் படுவதை எழுதட்டும்.

ஆ) அதுவரை இவர்களுடைய ஒப்பந்தத்தை நிறுத்த வேண்டாம் என்று மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும். நிர்வாகத்திடம் நான் நேரில் கேட்டேன். தேர்வுப் பிரிவு எழுதினால் பார்க்கலாம் என்கிறார்கள். தங்கள் பிரிவில் கேட்டால், ஒப்பந்தம் நிர்வாகத்தின் வேலை என்கிறார்கள். இரண்டு கட்டடத்துக்கும் இடையில் நடந்து என் செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

இ) யாரையாவது தண்டித்தே ஆக வேண்டும் என்றால், ஓர் அறையை மட்டும் காட்டி உலகத்தைக் காட்டாமல் விட்ட என்னைத் தண்டிக்கலாம். ஆனால் நான் தேர்வு எழுதியவள் அல்ல என்பதால் என்னைத் தண்டிக்க விதியில் இடமில்லை என்று தங்கள் அலுவலகத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

மனுவுக்குப் பதில் அனுப்ப ஒரு மாதம் வரை ஆகலாம் என்று தங்கள் வரவேற்பறையில் பலகை தொங்குகிறது. ஒப்பந்தமோ இம்மாதக் கடைசியோடு முடிகிறது. எனக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்.

15. கடைசியாக ஒன்று. தங்கள் ரத்து ஆணை ஆங்கிலத்தில் வந்தது. முன்பெல்லாம் இவர்களுக்கு ஆங்கிலத்தில் ஏதாவது காகிதம் வந்தால், நர்ஸிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ கொண்டுபோய்ப் படித்துச் சொல்லக் கேட்பார்கள். இந்த முறை நைட்டக்கா, நானே படிக்கிறேன் என்று சொல்லி எழுந்து நின்றார். மற்ற பதினொரு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐயா, தங்கள் ஆணையில் நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வகை வாக்கியங்கள்தான் நிறைய இருக்கின்றன. ஆள் முதலில், அவருக்கு என்ன ஆயிற்று என்பது பின்னால். பார்த்து எழுதியதாகக் கண்டறியப்பட்டவர்கள். இரண்டு ஆண்டுகளுக்குத் தேர்விலிருந்து விலக்கப்பட்டவர்கள். நைட்டக்கா விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, எங்கும் திக்காமல் படித்தார். 'டிபார்டு' என்ற இடத்தில் மட்டும் நின்றார். "இந்த வார்த்தை தெரியலை டீச்சர். ஆனா பின்னாடி 'ஃப்ரம்' வருது. அப்போ எதுலேர்ந்தோ நம்மளை எடுத்துட்டாங்க, இல்லையா?" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் கடைசி வரி வரைக்கும் போனார். மடித்து வைத்துவிட்டு, "நான் சரியாப் படிச்சேனா டீச்சர்?" என்று கேட்டார். தவறாகப் படித்திருக்கக் கூடாதா என்ற ஆசை அந்தக் குரலில் இருந்தது. மாணவி சரியாகப் படித்தால் சரி என்று சொல்லும் கடமை ஆசிரியைக்கு உண்டு. எங்கும் தவறில்லை என்று சொன்னேன்.

அவர் படித்தது தவறு என்று ஆக்கும் அதிகாரம் இந்த ஊரில் தங்கள் ஒருவருக்குத்தான் இருக்கிறது. அதைச் செய்தருளக் கேட்டு, கைகூப்பி நிற்கிறேன்.

நம்பிக்கை குறைந்தும் மரியாதை குறையாமல்,

(ஒப்பம்)
மாலை நேர ஆங்கில வகுப்பு ஆசிரியை

இடம்: பழைய கட்டடம், மாடியறை
நாள்: இம்மாதம் பத்தொன்பதாம் தேதி